கட்ட முடியாத கடன்: வாங்கியவர் பொறுப்பு எதுவரை, கொடுத்தவர் பொறுப்பு எதுவரை?

குழுக் கடன், தனிநபர் கடன், ஆப் கடன், கிரெடிட் கார்டு ஆகியவற்றில் மாதத் தவணை கைமீறிப் போனவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் இந்தியச் சட்டங்கள், ரிசர்வ் வங்கி விதிகள், தமிழ்நாட்டுச் சட்டங்கள் ஆகியவற்றை ஒட்டியவை.

கடனைக் கட்ட முடியவில்லை. தப்பு என்னுடையதா, கொடுத்தவர்களுடையதா?

இரண்டு பேருக்கும் தனித்தனிக் கடமை இருக்கிறது. வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவது வாங்கியவர் கடமை. வாங்குபவருக்குக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பது கொடுத்தவர் கடமை. ஒருவர் தன் கடமையில் தவறினார் என்பதால் மற்றவருடையது தீர்ந்துபோவதில்லை. “வாங்கும்போது தெரியலையா?” என்று கிளையில் கேட்டால், “கொடுக்கும்போது என்ன வருமானம் எழுதினீர்கள், என்னென்ன கடன் இருப்பதாகப் பார்த்தீர்கள்?” என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு அவர்களிடம் காகிதத்தில் விடை இருக்கத்தான் வேண்டும்.

தகுதிக்கு மீறிக் கொடுத்துவிட்டார்கள் என்று நிரூபித்தால் கடன் ரத்தாகுமா?

ஆகாது. தென்னாப்பிரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி, வாங்குபவரின் நிலையைப் பார்க்காமல் கொடுத்த கடனை நீதிமன்றம் முழுவதுமாகவோ பகுதியாகவோ தள்ளுபடி செய்யலாம். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1918-ஆம் ஆண்டின் மிகை வட்டிக் கடன் சட்டப்படி, வட்டி மிக அதிகமாகவும் கொடுக்கல் வாங்கல் நியாயமற்றதாகவும் இருந்தால் நீதிமன்றம் அந்தக் கடன் கணக்கை மறுபடி திறந்து ஆராயலாம். ஆனால் வங்கி கொடுத்த கடனில் வட்டி அதிகம் என்ற காரணத்துக்காக மட்டும் அப்படித் திறக்க முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 21ஏ பிரிவு அதைத் தடுக்கிறது. இது குறைபாடுதான். வாங்கியவருக்குத் தவணை தவறினால் சிபில் (கடன் வரலாற்றுப் பதிவு), வழக்கு, வசூல் என்று உடனே விளைவு உண்டு. பார்க்காமல் கொடுத்தவருக்கு அதே வேகத்தில் எதுவும் வருவதில்லை.

அதற்காக விதி மீறலைச் சுட்டிக்காட்டுவது வீண் என்று நினைக்க வேண்டாம். சட்டத்துக்குப் புறம்பான கட்டணத்தைத் திருப்ப, தவணையை மாற்றியமைக்க, சிபிலில் தவறான பதிவைத் திருத்த, பாக்கியைக் குறைத்து மொத்தமாக முடிக்கும் செட்டில்மெண்டில் தொகையைக் குறைக்க அதுதான் உங்கள் கையில் இருக்கும் பிடி.

கொடுப்பதற்கு முன் அவர்கள் எதைப் பார்த்திருக்க வேண்டும்?

கடன் எந்த வகை என்பதைப் பொறுத்தது. மிகத் தெளிவான விதி நுண்கடனுக்கு, அதாவது பேச்சுவழக்கில் குழுக் கடனுக்கு, இருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன், ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த விதிகளின்கீழ் வரும். குடும்பம் என்றால் கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதாமாதம் கட்டும் தொகை, மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நகைக் கடன், வண்டிக் கடன், வேறு கம்பெனியின் குழுக் கடன் எல்லாமே இந்தக் கணக்கில் சேரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். குடும்ப வருமானம் மாதம் 20,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 10,000. ஏற்கெனவே இரண்டு குழுக் கடனுக்கு 2,900, 2,300, வண்டிக்கு 2,200, மொத்தம் 7,400 போகிறது. மீதி இடம் 2,600 ரூபாய்தான். மாதம் 3,100 ரூபாய் டியூ வரும் புதிய கடனைக் கொடுத்தால் மொத்தம் 10,500. வரம்பு மீறியாயிற்று. வாரத் தவணையாக இருந்தால் 52-ஆல் பெருக்கி 12-ஆல் வகுங்கள். வாரம் 700 ரூபாய் என்பது மாதம் 2,800 இல்லை, 3,033. மாதத்துக்கு நாலு வாரம் என்று போட்டால் வரம்புக்குள் இருப்பதுபோலத் தோன்றும்.

வங்கிசாரா நுண்கடன் கம்பெனிகளின் சுய ஒழுங்கு அமைப்பான எம்ஃபின், 2025 ஏப்ரல் முதல் ஒருவருக்கு மூன்று கம்பெனிகளுக்கு மேல் கொடுக்கக் கூடாது, மொத்தம் 2 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது என்று தன் உறுப்பினர்களுக்கு வரம்பு வைத்தது. இது ரிசர்வ் வங்கி விதி அல்ல, உறுப்பினர்கள் ஏற்றுக்கொண்ட கட்டுப்பாடு. புகாரில் எழுதும்போது இரண்டையும் ஒன்றாகக் குழப்பாதீர்கள்.

ஆப் வழிக் கடனில், வயது, தொழில், வருமானம் போன்றவற்றைப் பதிவு செய்து கட்டும் திறனை மதிப்பிட்ட பிறகே கொடுக்க வேண்டும். சாதாரணத் தனிநபர் கடனுக்கு 50 சதவீதம் போன்ற பொது உச்சவரம்பு இல்லை. அந்தந்த வங்கி தன் கொள்கைப்படி முடிவு செய்கிறது. அதனால் குழுக் கடனில் சொல்லும் அதே வாதம் தனிநபர் கடனில் அவ்வளவு வலுவாக நிற்காது.

இந்த விதியை மீறியதற்காக யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா?

ஆம். 2024 அக்டோபரில் நான்கு வங்கிசாரா நிதி நிறுவனங்கள் புதிதாகக் கடன் கொடுப்பதையே ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. மிகையான வட்டியோடு, குடும்ப வருமானத்தைச் சரியாக மதிப்பிடாததும், ஏற்கெனவே உள்ள தவணைகளைக் கணக்கில் எடுக்காததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. குறைகளைச் சரிசெய்த பிறகு சில மாதங்களில் தடை நீங்கியது.

படிவத்தில் என் வருமானத்தைக் கம்பெனி ஆளே கூட்டி எழுதிவிட்டார். கையெழுத்து என்னுடையது. இப்போது யார் பொறுப்பு?

மிக அதிகமாக நடப்பது இதுதான். கூலி வேலைக்குப் போகும் பெண்ணிடம் “வீட்டுல எவ்வளவு வரும்?” என்று கேட்டு, அவர் 12,000 என்று சொன்னால் கணக்கு சரிவராது என்று 24,000 என டேப்லெட்டில் தட்டிவிடுவார்கள். மாதக் கடைசி டார்கெட் அப்படிச் செய்யவைக்கிறது. கையெழுத்து, ஓ.டி.பி., கைரேகை உங்களுடையதாக இருப்பதால் “எனக்குத் தெரியாது” என்பது மட்டும் போதாது. ஆனால் களப்பணியாளர் செய்ததற்கும், வெளி ஏஜென்சி செய்ததற்கும் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு என்று விதி சொல்கிறது.

நிரூபிக்க வழி உண்டு. மதிப்பிட்ட குடும்ப வருமானத்தைக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பதிவான வருமானத்துக்கும் புதிதாக எழுதிய வருமானத்துக்கும் வேறுபாடு இருந்தால், காரணத்தை வாங்குபவரிடம் கேட்டு உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே இரண்டு காகிதங்களைக் கேளுங்கள்: உங்கள் கடன் விண்ணப்பத்தின் நகல், வருமான மதிப்பீட்டுத் தாளின் நகல். ஆறு மாத இடைவெளியில் இரண்டு கம்பெனிகள் ஒன்றில் 13,000, இன்னொன்றில் 25,000 என்று எழுதியிருந்தால், இடையில் யாரும் உங்களைக் கேட்கவில்லை என்றால், அங்கே மீறல் தெரிகிறது.

நானே வருமானத்தைக் கூட்டிச் சொன்னேன், வேறு கடனை மறைத்தேன். இனி புகார் சொல்ல முடியாதா?

வாதம் பலவீனமாகிவிடும். வாங்குபவர் பொறுப்பு என்பது இங்கேதான் உண்மையாகத் தொடங்குகிறது: கேட்டதற்கு உண்மை சொல்வது. போலிச் சம்பளச் சீட்டு, திருத்திய வங்கி ஸ்டேட்மெண்ட் கொடுத்திருந்தால் மோசடி வழக்குக்கே இடம் உண்டு. அந்த நிலையில் வக்கீலைப் பார்க்காமல் எழுத்தில் எதுவும் கொடுக்காதீர்கள். ஆனால் மறைத்த கடன் அவர்கள் எடுத்துப் பார்த்த சிபில் அறிக்கையிலேயே இருந்திருந்தால், “சொல்லவில்லை” என்று அவர்கள் முழுதாகத் தப்பிக்க முடியாது.

என் பெயரில் எடுத்துத் தெரிந்தவருக்குக் கொடுத்தேன். அவர் கட்டுவதில்லை.

கடன் உங்களுடையது. அந்தத் தெரிந்தவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்குவது உங்களுக்கும் அவருக்கும் உள்ள தனி விவகாரம். ஜி-பே பதிவு, வாட்ஸ்அப் செய்தி, அவர் இதுவரை உங்கள் கணக்கில் போட்ட தவணைகள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். உரிமையியல் வழக்குக்குக் காலவரம்பு பொதுவாக 3 ஆண்டு.

குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் நாங்கள் கட்ட வேண்டுமா?

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைப் பொறுத்தது. கூட்டுப் பொறுப்பு ஏற்று எழுதியிருந்தால், ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவுப்படி ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமம். அப்போதும் கம்பெனி அதைச் சட்டப்படி கேட்கலாமே தவிர, சென்டர் மீட்டிங்கில் (குழுவின் தவணைக் கூட்டம்) பணம் வரும்வரை எல்லாரையும் எழுந்திருக்கவிடாமல் உட்காரவைக்க முடியாது. ஒருவரை நகரவிடாமல் அடைத்துவைப்பது குற்றம். பாரதிய நியாய சம்ஹிதை 127-ஆம் பிரிவு.

ஆப்பில் வாங்கிய கடன் விஷயத்தில் என்ன வேறுபாடு?

முதலில் ஆப்புக்குப் பின்னால் ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிறுவனம் இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆப்களின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கி இணையதளத்தில் இருக்கிறது. பணம் அந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும், திரும்பக் கட்டுவதும் நேராகப் போக வேண்டும். யாரோ ஒருவரின் யு.பி.ஐ. எண்ணுக்குக் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். கட்டியது கணக்கில் ஏறாது. போனில் உள்ள தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றை ஆப் எடுக்கவே கூடாது.

வாங்கிய உடனே மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கட்டி வெளியே வந்துவிடலாம்; ப்ராசஸிங் ஃபீஸை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் வரம்பைத் தானாக உயர்த்தக் கூடாது.

கேட்காமலே கிரெடிட் கார்டு வந்தது. பில்லும் வந்துவிட்டது.

கேட்காத கார்டுக்கு, சம்மதம் இல்லாமல் போட்ட கட்டணத்தை வங்கி ரத்து செய்ய வேண்டும். அதோடு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு உங்களுக்கு அபராதமாகத் தர வேண்டும். கார்டைப் பயன்படுத்திவிட்டால் இந்த வாதம் போய்விடும். கார்டை மூடச் சொன்னால், பாக்கி இல்லாத நிலையில் 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய்.

வட்டியும் அபராதமும் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

2024 அக்டோபர் 1 முதல், கிரெடிட் கார்டு நீங்கலாக, புதிய சில்லறைத் தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை, உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி வீதம் இருக்கும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. கேட்காத இன்ஷூரன்ஸ் பிரீமியம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அகப்படும்.

“12 சதவீதம்தான்” என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். 50,000 ரூபாய்க்கு ஃப்ளாட் முறையில் (அசல் குறைந்தாலும் முழுத் தொகைக்கே வட்டி) 12 சதவீதம், 24 மாதம் என்றால் மொத்த வட்டி 12,000, மாதத் தவணை சுமார் 2,583. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வீதம் ஏறத்தாழ 21.6 சதவீதம்.

தவணை தவறியதற்கு அபராதக் கட்டணம் போடலாம்; ஆனால் அதை வட்டி வீதத்தோடு சேர்த்து ஏற்றுவதும், அபராதத்துக்கு மேல் வட்டி போடுவதும் கூடாது. குழுக் கடனில் அபராதம் தவறிய தொகைக்கு மட்டும். முழுக் கடனுக்கும் போடக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் குழுக் கடனில் கட்டணம் கிடையாது.

அடுத்த மாதம் கட்ட முடியாது என்று தெரிகிறது. முதலில் என்ன செய்வது?

தவறுவதற்கு முன்பே பேசுங்கள். தவறிய பிறகு பேசினால் வசூல் பிரிவிடம் பேசுகிறீர்கள். முன்பே பேசினால் கிளையிடம்.

ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, மீதி அசல், மாதத் தவணை, எந்தத் தேதி, அடமானம் உண்டா. ஆண்டுக்கு ஒரு முறை முழு சிபில் அறிக்கை இலவசம். மறந்துபோன கடன் அதில் தெரியும். பிறகு வாடகை, சாப்பாடு, மருந்து, கரண்ட், பள்ளிக் கட்டணம் போக எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். அந்த மிச்சத்தில், இழந்தால் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் வையுங்கள்: வீட்டுக் கடன், நகைக் கடன், பிழைப்புக்கு ஓட்டும் வண்டி. அதிகமாகச் சத்தம் போடுகிற கம்பெனிக்கு முதலில் கட்டுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. அடமானம் இல்லாத கடனின் வசூல் ஆளுக்குப் பயந்து கட்டிவிட்டு, நகையை ஏலத்துக்கு விடுகிறார்கள்.

அடுத்து, நிறுவனத்துக்கு எழுதுங்கள்: என்ன மாறியது, எந்தத் தேதியிலிருந்து, இப்போது மாதம் எவ்வளவு முடியும், எத்தனை மாதம் தவணை நீட்டிப்பு வேண்டும். தவணையை மாற்றித் தர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கட்டச் சிரமப்படுபவர்களை அடையாளம் கண்டு, அவர்களுக்கு என்ன வழி இருக்கிறது என்று எடுத்துச் சொல்லும் ஏற்பாடு குழுக் கடன் கொடுப்பவர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி.

பழைய கடனை அடைத்துப் பெரிய புதுக் கடன் தரும் டாப்-அப்பில் ஏமாறாதீர்கள். 60,000 ரூபாய் புதுக் கடனில் பழைய பாக்கி 41,000 பிடித்து, ஃபீஸும் இன்ஷூரன்ஸும் போக 16,500 கையில் வரும். டியூ மட்டும் 60,000-க்கு ஓடும். சம்பளம் வரும் வங்கியிலேயே கடனும் இருந்தால், பாக்கிக்காகச் சேமிப்புக் கணக்கிலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை வங்கிக்குப் பொதுவாக உண்டு. குழுக் கடனில் டெபாசிட் கணக்கைப் பிணையாகப் பிடிக்கக் கூடாது.

வசூலுக்கு வருபவர்கள் எதுவரை போகலாம்?

பொதுவாகக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் பாக்கி கேட்டு அழைக்கக் கூடாது. குழுக் கடனில் காலை 9 முதல் மாலை 6 வரை மட்டுமே கேட்கலாம். குழுக் கடனை, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட இடத்தில்தான் வசூலிக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையாவது நீங்கள் அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். கெட்ட வார்த்தை, மிரட்டல், சொந்தக்காரர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது, பெயரை வெளியிடுவது, கட்டாவிட்டால் நடக்காத ஒன்றை நடக்கும் என்று பயமுறுத்துவது எல்லாம் தடை.

தமிழ்நாட்டில் 2025-இல் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்தது. கடன் கொடுத்தவர்களும் அவர்களின் ஏஜெண்டுகளும் மிரட்டினால் சிறைத் தண்டனை வரை போகும்.

வந்தவரின் அடையாள அட்டையையும் ஏஜென்சியின் அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். போன் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தேதி, நேரம், பெயர், சொன்ன வார்த்தை என நான்கையும் அன்றே எழுதி வையுங்கள். ரசீது இல்லாமல் கையில் பணம் கொடுக்க வேண்டாம். அவமானம் தாங்காமல் உயிரை விடத் தோன்றினால் 104 அல்லது 14416-ஐ உடனே அழையுங்கள். இந்தக் கடன் எதற்கும் உங்கள் உயிர் ஈடு அல்ல.

கட்டாவிட்டால் ஜெயிலா?

கடன் கட்ட முடியாதது குற்றம் அல்ல, உரிமையியல் விவகாரம். மேலே சொன்ன போலி ஆவணம் தவிர, இன்னும் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நீங்கள் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் நாச் தவணை பணமில்லாமல் திரும்பினால் 2007-ஆம் ஆண்டின் பணம் செலுத்தல் முறைமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு. இரண்டிலும் தண்டனை 2 ஆண்டு வரை சிறை, அல்லது தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நோட்டீஸ் கையில் கிடைத்து 15 நாளுக்குள் கட்டினால் வழக்கு நிற்காது. அதனால் தபால்காரர் கொண்டுவரும் ரிஜிஸ்டர் தபாலைத் திருப்பி அனுப்புவதுதான் செய்யக் கூடாத காரியம்.

புகாரை எப்படி எழுதினால் எடுபடும்?

“எனக்குக் கடன் கொடுத்திருக்கவே கூடாது” என்று எழுதினால் தள்ளுபடி ஆகிவிடும். கொடுப்பதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் வணிக முடிவு, அதில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் தலையிட மாட்டார். அதையே விதி மீறலாக எழுதுங்கள். உதாரணமாக:

“விண்ணப்பத் தேதியில் என் குடும்ப மாத வருமானம் 14,000 ரூபாய். அப்போது நடப்பில் இருந்த மாதத் தவணைகள் 6,200 ரூபாய், கடன் அறிக்கை இணைப்பு. புதிய தவணை 2,750 ரூபாய். மொத்தம் 8,950, அனுமதிக்கப்பட்ட 50 சதவீதம் 7,000. மதிப்பீட்டுத் தாளில் வருமானம் 24,000 என உள்ளது. அதை நான் சொல்லவில்லை. நுண்கடன் விதி மீறப்பட்டுள்ளது. அபராதக் கட்டணங்களை நீக்கி, தவணையை மாதம் 1,200 ரூபாயாக மாற்றியமைக்கக் கோருகிறேன்.”

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். குழுக் கடனில் அவர் விவரம் லோன் கார்டிலேயே இருக்க வேண்டும். புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம், கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448. முதல் படியைத் தாண்டி நேராக அங்கே போனாலோ, அதே விஷயம் கோர்ட்டில் இருந்தாலோ எடுக்க மாட்டார்கள். இலவச வக்கீலுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, 15100. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

செட்டில்மெண்டுக்கு ஒத்துக்கொள்ளலாமா?

மொத்தமாகக் கட்டப் பணம் இருந்தால் மட்டும். தொகை, கடைசித் தேதி, “இதோடு கடன் முடிந்தது” என்ற வரி மூன்றும் நிறுவனத்தின் கடிதத்தில் வந்த பிறகு கட்டுங்கள். கட்டியதும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். சிபிலில் ‘முடிக்கப்பட்டது’ என வராது, ‘செட்டில்டு’ என வரும். அது சில ஆண்டு புதுக் கடனுக்குத் தடையாக இருக்கும். லோக் அதாலத்தில் கையெழுத்திடும் சமரசம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்ட முடியாத தவணைக்கு அங்கே தலையாட்டாதீர்கள்.

வட்டிக்காரரிடம் வாங்கியதற்கும் இதே விதிகளா?

இல்லை. கந்து வட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மிகை வட்டி வசூல் தடைச் சட்டத்தில் வரும். அது குற்றம், புகார் காவல் நிலையத்தில் அல்லது எஸ்.பி. அலுவலகத்தில். வெற்றுப் பத்திரம், வெற்றுச் செக் கொடுத்திருந்தால் அவற்றின் எண்களைப் புகாரில் கட்டாயம் சேருங்கள்.

ஐ.பி. (நொடிப்பு மனு) கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா?

சாதாரணத் தனிநபர்களுக்கான புதிய திவால் சட்டப் பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும்தான் இருக்கின்றன. மனு போட்டவுடன் கடன் போகாது. நீதிமன்றம் நொடித்தவர் என அறிவித்தால் உங்கள் சொத்து அதிகாரப்பூர்வப் பெறுநர் (சொத்தைப் பொறுப்பேற்கும் அதிகாரி) கைக்குப் போகும். விடுவிப்பு உத்தரவு பிறகுதான். மனுவுக்கு முன் சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றினால் அந்த மாற்றமே ரத்தாகலாம். மனைவி ஜாமீன் போட்டிருந்தால் அவர் பொறுப்பு அப்படியே நிற்கும். தீர்ப்பாகிச் சம்பளத்தைப் பற்றுகை (நீதிமன்ற உத்தரவுப்படி பிடித்தம்) செய்யும் நிலை வந்தாலும், முதல் 1,000 ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் எடுக்க முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவு. பணக் கடன் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்யவும் முடியாது. இவற்றை எல்லாம் பார்த்தபின் ஐ.பி. தேவையா என்று வக்கீலிடம் கேளுங்கள். சொத்தே இல்லாத பலருக்கு அது தேவைப்படுவதில்லை.